சூடு காட்டும் கருவி: வீடு திரும்பிய பின் கரண்டையும் சுவரையும் சோதித்தல்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டது. பாடசாலையிலும் கோவில் மண்டபத்திலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்துவிட்டு, இப்போது லயத்துக்குத் திரும்பும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது.

கதவைத் திறந்தவுடன் என்ன செய்யத் தோன்றும் என்பது எங்களுக்குத் தெரியும். மெத்தை ஈரம், பிள்ளைகளின் சீருடை ஈரம், விறகும் ஈரம். மெயின் சுவிட்சைப் போட்டு, கேத்தலில் தண்ணீர் வைத்து, எல்லோருக்கும் ஒரு வாய் சாயத்தண்ணி கொடுத்தால் போதும் என்றிருக்கும். அந்த நேரத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். லயத்தில் பல வீடுகளுக்கு ஒரே கூரை. ஒரு வீட்டின் வயரில் பிடிக்கும் தீ அந்த வீட்டோடு நிற்பதில்லை. நீங்கள் உங்கள் சுவிட்சைச் சோதிக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்தே காப்பாற்றுகிறீர்கள்.

இந்தச் சோதனைக்கு உதவும் சிறு கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் அகச்சிவப்பு வெப்பமானி. துப்பாக்கி போன்ற வடிவம். தொடாமலேயே சூட்டைக் காட்டும். ஒரு லயத்துக்கு ஒன்று இருந்தால் போதும், முறை வைத்துப் பயன்படுத்தலாம். அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்ற இரண்டையும் இந்தப் பாடத்தில் கற்றுக்கொள்வோம். இரண்டாவதை மறந்தால் முதலாவதால் பயனில்லை.

1. கருவியை எடுக்கும் முன்

முதலில் நிலம், அடுத்தது மின்சாரம். கருவி அதற்குப் பிறகுதான்.

உங்கள் லயம் மீண்டும் குடியிருக்க ஏற்றதா என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த முடிவைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “எல்லோரும் போகிறார்கள், நாமும் போவோம்” என்று கிளம்ப வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியதை நம்மில் பலர் இன்னும் மறக்கவில்லை.

நிலம் சரி என்று சொல்லப்பட்ட பின்பும், நனைந்த வீட்டில் மெயின் சுவிட்சை நீங்களே போடாதீர்கள். மீட்டர் பலகை, சுவிட்ச், பிளக் பொயின்ட் ஆகியவற்றில் தண்ணீரோ சேறோ பட்டிருந்தால், தகுதியுள்ள எலக்ட்ரீசியன் ஒருவர் பார்க்கும் வரை மெயின் அணைந்தே இருக்கட்டும். வயருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்பதை அறிய அவரிடம் வேறு கருவி இருக்கிறது. அறுந்த வயர், சாய்ந்த கம்பம், சேதமான மீட்டர் எதையும் தொடாமல் 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

“அண்ணே, அந்தக் கருவியால எல்லா சுவிட்சையும் பார்த்துட்டேன். எல்லாம் குளிர்ச்சியா இருக்கு. மெயினைப் போட்டுரலாமா?” என்று ஒருவர் கேட்கலாம். “வேண்டாம் தம்பி” என்பதே பதில். கரண்ட் ஓடாத வயர் சூடாகாது. மெயின் அணைந்திருக்கும்போது பழுதான சுவிட்சும் நல்ல சுவிட்சும் அறையின் குளிரையே காட்டும். எலக்ட்ரீசியன் பார்த்து, மின்சாரம் வந்து, பொருட்கள் வேலை செய்யத் தொடங்கிய பிறகே இந்தக் கருவிக்கு வேலை வருகிறது.

2. கருவி எப்படி வேலை செய்கிறது

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாத கதிரை வெளியே விடுகிறது. அடுப்பின் முன் கையை நீட்டினால், தொடாமலேயே சூடு தெரிகிறதல்லவா? அதில் பெரும்பங்கு அந்தக் கதிர்தான். கருவியின் முன்பக்கக் கண்ணாடி அதை வாங்கி எண்ணாக மாற்றுகிறது. இதிலிருந்து சில விதிகள் கிடைக்கின்றன.

மேற்பரப்பை மட்டுமே காட்டும். சுவருக்குள் ஓடும் வயரையோ பெட்டிக்குள் இருக்கும் திருகையோ அது பார்ப்பதில்லை. பிளக்கின் மேல் 45 பாகை காட்டினால் உள்ளே அதைவிட அதிகம் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பிடித்தால் அந்தக் கண்ணாடியின் சூடே வரும்.

சிவப்புப் புள்ளி அளப்பதில்லை. அது குறி பார்க்க மட்டும். உண்மையில் அளக்கப்படுவது அந்தப் புள்ளியைச் சுற்றிய ஒரு வட்டம். கருவியில் 12:1 என்று எழுதியிருந்தால், 1 அடி தூரத்தில் வட்டம் 1 அங்குலம், 2 அடியில் 2 அங்குலம், 10 அடியில் 10 அங்குலம். கதவருகே நின்றுகொண்டு எதிர்ச்சுவரின் பிளக்கைப் பார்த்தால் பிளக்கோடு சுவரும் கலந்து, எண் குறைந்துவிடும். ஓர் அடி தூரத்துக்குக் கிட்டப் போங்கள், ஆனால் தொட வேண்டாம். சிவப்பு ஒளியை யார் கண்ணிலும் பிடிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டுச் சாமான் அல்ல.

பளபளப்பானவை பொய் சொல்லும். சுவர், மரம், பிளாஸ்டிக், துருப்பிடித்த தகரம் ஆகியவற்றில் எண் ஏறத்தாழச் சரியாக வரும். புதுத் தகரம், அலுமினியம், பித்தளை போன்றவை முகம் பார்க்கும் கண்ணாடி போலச் சுற்றுப்புறத்தின் சூட்டைத் திருப்பிக் காட்டும்.

இதை நீங்களே பரீட்சித்துப் பார்க்கலாம். பளபளப்பான அலுமினியப் பானையில் தண்ணீரை ஊற்றும் முன், வெளிப்பக்கத்தில் கறுப்பு இன்சுலேசன் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி படாமல் பக்கவாட்டில் நின்று முதலில் வெறும் பானையையும் பிறகு டேப்பையும் அளவுங்கள். பானை ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். இருந்தும் வெறும் உலோகத்தில் எண் மிகக் குறைவாக வரும். டேப்பில் வருவதே உண்மைக்குக் கிட்டியது. அது 100 பாகையைத் தொடவில்லையே என்று கருவியைக் குறை சொல்ல வேண்டாம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் இது ஏறத்தாழ 96 பாகை.

எச்சரிக்கை: டேப் ஒட்டிப் பார்ப்பது பானைக்கு மட்டும். கரண்ட் ஓடும் உலோகத்தில் எதையும் ஒட்டாதீர்கள்.

கொவிட் காலத்தில் நெற்றியில் பிடித்த கருவி இதற்கு உதவுமா என்று கேட்கலாம். காய்ச்சல் பார்க்கும் முறையில் அது உடல் சூட்டின் எல்லைக்குள்ளேயே வேலை செய்யும். அதற்கு மேலோ கீழோ போனால் எண் காட்டாது. சிலவற்றில் பொருட்களின் சூட்டை அளக்கத் தனிப் பொத்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

குளிரில் இருந்த கருவியை அடுப்படிக்குக் கொண்டு வந்தவுடன் அளவாதீர்கள். அரை மணித்தியாலம் அந்த அறையிலேயே வையுங்கள். கண்ணாடியில் பனி படிந்திருந்தால் மென்மையான துணியால் துடையுங்கள்.

3. கரண்ட் சோதனை

வயர் ஏன் சூடாகிறது? தளர்ந்த திருகு, துருப்பிடித்த முனை, மெல்லிய வயர் ஆகியவற்றில் கரண்ட் நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடி சூடாகிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் அதே இடத்தில் சூடு நான்கு மடங்காகும். ஆகவே ஒரு பல்புக்குத் தாங்கும் இணைப்பு கேத்தலுக்குத் தாங்காமல் போகலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பொருளின் வாட் எண்ணை 230 ஆல் வகுத்தால் அம்பியர் கிடைக்கும்.

9 வாட் எல்இடி பல்ப்: 0.04 அம்பியர்
700 வாட் ரைஸ் குக்கர்: 3 அம்பியர்
1,000 வாட் அயன்: 4.3 அம்பியர்
2,000 வாட் கேத்தல்: 8.7 அம்பியர்

5 அம்பியர் உருண்டை முள் பிளக் பொயின்ட்டில் கேத்தலைச் சொருகினால் அது தன் அளவை மீறி வேலை செய்கிறது. குக்கர், அயன், கேத்தல் மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டால் மொத்தம் 16 அம்பியர். 13 அம்பியர் பிளக்குக்கும் அது அதிகம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, கணக்கே போதும். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்திருந்தால் இரண்டு வீட்டுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

சோதிக்கும் முறை:

முதலில் ரைஸ் குக்கர் போன்ற ஒரு பொருளை 20 நிமிடம் ஓட விடுங்கள். அயன் இதற்குச் சரிவராது. அது தானாகவே விட்டு விட்டு வேலை செய்வதால் எண் மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து பிளக் பொயின்ட்டுக்கு 2 அடி தள்ளி, வெறும் சுவரை அளந்து எழுதுங்கள். பிறகு பிளக்கின் முகத்தை அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். நுவரெலியாவின் காலைக் குளிரில் 30 பாகை ஒரு செய்தி. சூடான அடுப்படியில் அதே 30 பாகை ஒன்றுமில்லை.

பிறகு அதே குக்கரை அதே நேரத்துக்கு வேறொரு பிளக் பொயின்ட்டில் ஓட்டி ஒப்பிடுங்கள். ஒரே சுமைக்கு ஒன்று மட்டும் அதிகம் சூடானால், கோளாறு குக்கரில் இல்லை, அந்த பிளக் பொயின்ட்டில் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக வரிசையாகப் பாருங்கள்: மெயின் சுவிட்ச் பெட்டியின் மூடி, பிரேக்கர்களின் முகம், பல்ப் ஹோல்டருக்குப் போகும் வயர், மல்டி பிளக், டேப் சுற்றிய இணைப்புகள், அடுப்புக்கு மேலாகவோ அடுப்புச் சுவரின் மறுபக்கமாகவோ போகும் வயர். மூடியைத் திறக்க வேண்டாம். திறப்பது எலக்ட்ரீசியனின் வேலை.

இரண்டு பிளக் பொயின்ட்டுகளுக்கு இடையில் வேறுபாடு 5 பாகைக்குள் இருந்தால், எழுதி வைத்து அடுத்த வாரம் மீண்டும் பாருங்கள். 5 முதல் 15 பாகை வரை இருந்தால், அந்தப் பிளக்கைப் பயன்படுத்துவதை நிறுத்தி எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். 15 பாகைக்கு மேல் போனால் மெயினை அணையுங்கள். ஒப்பிட வேறு ஒன்று இல்லாவிட்டாலும், எந்த பிளக்கோ சுவிட்சோ வயரோ 60 பாகையைத் தொட்டால் மெயினை அணையுங்கள். வீட்டு வயர்களின் பிவிசி உறை பொதுவாக 70 பாகை வரை தாங்கவே செய்யப்பட்டது; வெளியே 60 என்றால் உள்ளே அந்த எல்லை தாண்டியிருக்கலாம்.

எரிந்த வாசனை, ‘ஸ்ஸ்’ என்ற சத்தம், பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே அணையுங்கள்.

4. சுவரும் கூரையும்

ஈரச் சுவரிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது. நனைந்த துணியைக் காற்றில் பிடித்தால் சில்லென்று இருப்பது போலத்தான். ஆகவே காய்ந்த இடத்தைவிட ஈரமான இடம் ஓரிரு பாகை குறைவாகக் காட்டும்.

இதற்கு நேரம் பார்க்க வேண்டும். பனிமூட்டம் உள்ளே வரும் நாளில் தண்ணீர் ஆவியாகாது, வேறுபாடும் தெரியாது. வெயில் பட்ட சுவரும் அடுப்பெரிந்த சுவரும் ஏமாற்றும். மழையில்லாத நாளில், கதவு ஜன்னலை ஒரு மணித்தியாலம் திறந்து வைத்து, அடுப்பு மூட்டும் முன் செய்யுங்கள்.

சுவரில் வெண்கட்டியால் ஒன்றரை அடிக்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றையும் ஓர் அடி தூரத்திலிருந்து அளந்து, எண்ணை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். குளிர்ந்த எண்கள் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள்.

மேலிருந்து கீழே இறங்கினால், கூரைத் தகரத்தின் ஆணித் துளையையும் பீலியையும் பாருங்கள். தரையிலிருந்து சுவர் நெடுக ஒரே உயரத்துக்கு ஏறியிருந்தால், அது நிலத்தின் ஈரம். மண்திட்டைப் பார்த்த பின்சுவரில் திட்டாக இருந்தால், பின்புறக் கான் சேறால் அடைபட்டிருக்கலாம். கானைத் திறந்துவிட்டு அடுத்த வாரம் அதே புள்ளிகளை அளவுங்கள். குளிர்ந்த திட்டு சிறுத்தால் சுவர் காய்கிறது. பெருத்தால் தண்ணீர் இன்னும் வருகிறது.

சுவரின் வெடிப்பில் காற்று புகுந்தாலும் குளிர் தெரியும். கையால் தடவியும் கண்ணால் பார்த்தும் உறுதி செய்யுங்கள். ஆனால் அந்தத் திட்டுக்குள் சுவிட்சோ பிளக்கோ வயரோ இருந்தால் கை வைக்காதீர்கள். சுவர் காய்ந்து எலக்ட்ரீசியன் பார்க்கும் வரை அதைப் பயன்படுத்தவும் வேண்டாம்.

கூரை சொட்டுவதெல்லாம் ஒழுக்கு அல்ல. இரவில் குளிர்ந்த தகரத்தில், அடுப்பின் ஆவியும் நம் மூச்சும் தண்ணீராகப் படிந்து விடியற்காலையில் சொட்டும். மழையில்லாத காலையில் தகரம் முழுவதும் ஒரே சீராக நனைந்திருந்தால் அது இந்தப் பனிநீர். ஒரே தடத்தில் வழிந்தால் அது துளை. புதுத் தகரத்தில் கருவியை நம்ப வேண்டாம்.

5. கருவிக்குத் தெரியாதவை

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஈரச் சுவரில் கசியும் கரண்ட் இதற்குத் தெரியாது. ஓர் ஆளைக் கொல்ல 0.03 அம்பியர் போதுமானதாகலாம். 230 வோல்ட்டில் அது 7 வாட்டுக்கும் குறைவு, அதாவது ஒரு சின்ன இரவு விளக்கின் அளவு. அந்தச் சூடு ஈரச் சுவரில் பரவிக் காணாமல் போய்விடும். கருவி “குளிர்ச்சி” என்று காட்டும் அதே சுவர் உயிரை எடுக்கலாம். இதற்குக் காவல் டிரிப் சுவிட்ச்தான். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அடிக்கடி தானாக விழுந்தால், தொல்லை என்று எண்ணி அதைக் கழற்றி நேரே வயர் கொடுக்காதீர்கள். கசிவு இருக்கிறது என்று அது சொல்கிறது.

மலை நகர்வதும் இதற்குத் தெரியாது. பின்சுவர் காய்ந்துவிட்டது என்பதால் மண்திட்டு உறுதியானது என்று ஆகாது. தரையில் புது வெடிப்பு, மூட முடியாமல் இறுகிய கதவு, சாயும் மரம் அல்லது கம்பம், திடீரெனச் சேறாக வரும் ஊற்று அல்லது திடீரென வற்றும் ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெளியேறி, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். மழையையும் கவனியுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம் என்பதே மண்சரிவு எச்சரிக்கையின் படிகள்.

சுருக்கமாகச் சொன்னால், கருவி “இங்கே கோளாறு” என்று சொன்னால் நம்புங்கள். “எல்லாம் சரி” என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. அப்படிச் சொல்வதாக நாம்தான் எண்ணிக்கொள்கிறோம்.

6. கொப்பியில் எழுதுங்கள்

தேதி, நேரம், வீட்டு இலக்கம், இடம், சுவரின் எண், பிளக்கின் எண், என்ன பொருள் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறையும், பிறகு பெருமழைக்குப் பின்பும் போதும்.

பொதுவாக மீட்டர் வரை மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பின்னுள்ள வயரிங், கூரை, கான் பற்றித் தோட்ட அலுவலகத்தில் முறைப்பாடு செய்யும்போது இந்தக் கொப்பி உங்களுக்குத் துணை நிற்கும். “வீடு ஈரமா இருக்குங்க ஐயா” என்றால் பார்ப்போம் என்பார்கள். “கான் அடைபட்டதிலிருந்து நாலு வாரமா பின்சுவர் எண் இறங்கிக்கிட்டே வருது, இதோ கணக்கு” என்று பல வீட்டார் சேர்ந்து காட்டினால் தட்டிக்கழிப்பது கடினம். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி

கேள்வி 1: குக்கர் 20 நிமிடம் ஓடியது. சுவர் 19 பாகை, முன்னறை பிளக் 27, அடுப்படி பிளக் 47. என்ன செய்வீர்கள்?
பதில்: ஒரே சுமைக்கு வேறுபாடு 20 பாகை. மெயினை அணைத்து எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும். அவர் சரி செய்யும் வரை அடுப்படி பிளக்கைத் தொட வேண்டாம்.

கேள்வி 2: பின்சுவர் சுவிட்ச் அடிக்கடி ‘சுர்’ என்று பிடிக்கிறது. கருவி சுவரும் சுவிட்சும் 18 பாகை என்று காட்டுகிறது. பயன்படுத்தலாமா?
பதில்: கூடாது. கசிவு சூட்டில் தெரியாது. ‘சுர்’ என்பதே போதுமான எச்சரிக்கை. மெயினை அணையுங்கள்.

கேள்வி 3: கேத்தலை 5 அம்பியர் பிளக் பொயின்ட்டில் போட்டோம். பிளக் இன்னும் சூடாகவில்லை. தொடரலாமா?
பதில்: கூடாது. கேத்தல் நாலைந்து நிமிடத்தில் கொதித்து அணைந்துவிடும். வெளிப்பக்கம் சூடாக நேரம் கிடைக்காது. 8.7 அம்பியர் 5 அம்பியரைவிட அதிகம். இங்கே கணக்கை நம்புங்கள்.

பதில்களைப் பக்கத்து வீட்டாரோடும் பேசுங்கள். உங்கள் வீடு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதே கூரை அடுத்த வீட்டுக்கும் மேலே போகிறது.